நான் தலையாட்டிய வாக்கியம்

ஒரே சஹன் தட்டில் என்னோடு சாப்பிட்ட காஜா மச்சானுக்கு,

நீ மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் நம் தாராவிப் பட்டறை ஓடுகிறது. தோல் பைகள் பழையபடி போகின்றன. புதுச் செய்தி ஒன்றுதான்: உன் தங்கச்சி புருஷன் இங்கிலீஷ் படிக்கிறான்.

மாட்டுங்காவில், சாயங்கால கிளாஸ். ஒரு சொல்லைத் தருவார்கள், அர்த்தம் சொல்வார்கள், பிறகு நாமே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப் போடுவது. "என் மச்சான் என் இங்கிலீஷைத் தள்ளிப் போட்டார்" என்று எழுதினேன். டீச்சர் சிரித்துவிட்டார். எத்தனை தடவை உன்னிடம் கேட்டிருப்பேன்? "நான் பேசுதேம்லா மாப்ள, ஒனக்கு எதுக்குல அது? நீ தோலைப் பாரு" என்பாய். பாசம் என்றுதான் நினைத்தேன். 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள்வது. அதற்கும் உன்னை வைத்தே எழுதினேன்: "எங்கள் தொழிலை மச்சான் நன்றாகப் பார்த்துக்கொண்டார்."

போன வாரம் நம்மிடம் பை வாங்குகிற ஜெர்மனிக்காரர் வந்தார். இப்போது யார் டேக் ஓவர் பண்ணியிருக்கிறார்கள் என்று கேட்டார். பொறுப்பெடுப்பது, பாடத்தில் வந்ததுதான். "நான்தான். முதலிலிருந்தே பாதி என்னுடையது" என்றேன், தட்டுத் தடுமாறி இங்கிலீஷிலேயே. அவர் முழித்தார். "நீங்கள் தோல் கட்டிங்கைப் பார்த்துக்கொள்கிற சம்பள ஆள் என்றல்லவா போன தடவை காஜா சொன்னார்? பக்கத்தில் நின்று நீங்களும் தலையாட்டினீர்களே?"

ஆட்டினேன் மச்சான். அன்று அவருக்கு டீயை வைத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்து, சிரித்துக்கொண்டே ஆட்டினேன். நீ என்னைப் புகழ்கிறாய் என்று நினைத்தேன்.

ஏன் சொன்னாய்? அவர் முன்னால் பெரிய முதலாளியாகத் தெரியவா? முதுகுக்குப் பின்னால் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாயே.

உன் தங்கச்சி இதைப் படிப்பாள். படிக்கட்டும். மறைத்து வைக்க எனக்கு வராது.

நேற்று கிளாஸில் 'லெட் டவுன்' வந்தது. நம்பினவனைக் கைவிடுவது. எல்லாரும் எழுதினார்கள். நான் பேனாவை மூடிவிட்டேன். உன் பெயரை அதில் போடக் கை வரவில்லை. வேறு பெயரும் வரவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாக்கு தருகிறேன். இனி வெளிநாட்டு ஆள் வந்தால், இப்போது கட்டிங் பார்க்கிற முருகனைப் பக்கத்தில் உட்கார வைப்பேன். அவனைப் பற்றி என்ன சொல்வதானாலும் முதலில் அவனிடம் தமிழில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் இங்கிலீஷில் சொல்லுவேன்.

உன் மாப்பிள்ளை,
பட்டறையில் சரிபாதிக்காரன்,
சாகுல்