பெயர் போன ஓவியர்

1752 மார்ச் 3
பெர்த் நகரப் பெருமக்களுக்கு அறிவிப்பது யாதெனில்: நீதிபதி லோகனின் மூக்கு இன்று பகல் பதினொரு மணிக்கு இனிதே முடிவடைந்தது. அதற்கு மட்டும் அப்பாவுக்கு இரண்டு நாள் பிடித்தது. மூக்கு அப்படி.

மூக்கோடு படமும் முடிந்தது. மூலையில் வழக்கம்போல ‘டிரம்மண்ட்’ என்று கையெழுத்திட்டார். அது எங்கள் பெயரே இல்லை. நாங்கள் மெக்கிரிகர். அந்தப் பெயரை எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது, எழுதக் கூடாது என்று அப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே சட்டம். ஆக, என் அப்பா நிஜமாகவே பெயர் போன ஓவியர்.

மார்ச் 4
படத்தில் நீதிபதியின் சட்டைக்கை நுனியில் பூப்பின்னல். அதற்குள் ஊசிமுனைத் தூரிகையால் ‘மெக்கிரிகர்’ என்று எழுதிவிட்டேன். தடைசெய்த பெயரை இனி நீதிபதியே சுமப்பார். இதைக் கண்டுபிடிக்க ஸ்காட்லாந்திலேயே ஆள் கிடையாது.

மார்ச் 11
படத்தை நீதிமன்றக் கூடத்தில் மாட்டிவிட்டார்கள். ரொட்டிக்கடை எஃபியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். “உனக்குக் கையைவிட வாய்தான்டா நீளம்,” என்றாள். எஃபியிடம் மட்டும்தான் — கொஞ்சம் சத்தமாக. கடையில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

மார்ச் 12
ஊரே போய் அந்தச் சட்டைக்கையைப் பார்க்கிறதாம்.

மார்ச் 13
லோகன் சேவகர்களோடு வீட்டுக்கு வந்தார். எழுதியது யார் என்று கேட்டார். அப்பா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார்.

“நான்தாங்க.”

“உம்ம பேரு என்னய்யா?”

“அதான் எழுதியிருக்கே.”

கூட்டிப்போய்விட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. எனக்கா? எனக்கா வார்த்தை வரவில்லை?

மார்ச் 29
சிறையில் அப்பாவுக்குக் காய்ச்சல். அம்மா ஓட்ஸ் கஞ்சி கொண்டுபோனாள், உள்ளே விடவில்லை. திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “உன் கைதான்னு எனக்குத் தெரியும். வெளியில சொல்லிராத. ஒருத்தர் போனது போதும்.”

ஏப்ரல் 5
அப்பா போய்விட்டார்.

நாளை அடக்கம். பதிவேட்டில் எழுத, தேவாலயக் குமாஸ்தா பெயர் கேட்பார். மெக்கிரிகர் என்று ஊர் கேட்கச் சொல்வேன். படத்தில் எழுதியது நான்தான் என்றும் சேர்த்தே சொல்வேன். பிடித்துக்கொண்டு போகட்டும். எனக்கென்ன பயம்?

ஏப்ரல் 6
நீதிபதி வரவில்லை. சேவகர்களும் இல்லை. மிரட்டுவதற்கு ஓர் ஆள்கூட இல்லை. குமாஸ்தா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

“அப்பா பேரு என்ன தம்பி?”

டிரம்மண்ட் என்றேன்.

அவருக்குக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.