நாலாவது மூலை

டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் காய்ந்த வேப்பிலை வாசம். போன வருடம் நீ சுருட்டி வைத்த துணி மூட்டை அப்படியே இருக்கிறது. அடித்துணி, நடுவில் போட உன் நைந்த புடவைகள், மேலே நீ ஒட்டுப்போட்ட துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் விரித்துப் படுக்கிற கவுதி. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் சொல்கிற பேரையே நாமும் சொல்லப் பழகியிருந்தோம்.

மர்பி டவுனில் நம் ஒற்றை அறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தினால்தான் அதை விரிக்க இடம் கிடைக்கும். விரித்த துணி நகராமல் இருக்க ஒரு மூலைக்குத் தண்ணீர் வாளி, ஒன்றுக்கு அரிசி டின், ஒன்றுக்கு இந்தப் பெட்டி. நாலாவது மூலைக்கு நான். ஃபாக்டரியில் ஆறு நாள் நின்றவனை ஞாயிற்றுக்கிழமை பாரமாக உட்கார வைத்தவள் நீ. ஈரக்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருக்கத்தைத் தள்ளிக்கொண்டே வருவாய்.

"ஏங்க, ஓட்டுத்தையல் முடியற வரைக்கும் ஆடாம குந்துங்க. நீங்க எழுந்தா உள்துணி சுருட்டிக்கும்."

நான் எங்கே அடங்குவேன்? நம் கல்யாணம் சுதந்திரம் வந்த வருடம். மறு வருடமே, சந்தில் யாரோ "மேட்ச் ஆரம்பிச்சுட்டாங்கடா!" என்று கத்த, எழுந்து ஓடிவிட்டேன். ஃபுட்பால் என்றால் நம் தெருவில் எவனுக்கும் கால் தரையில் நிற்காது. திரும்பி வந்தபோது நீ தைத்து முடித்திருந்தாய். என் மூலையிலிருந்து உள்ளே புடவை சுருண்டு வந்து, படுத்தால் என் இடுப்புக்கு நேராக ஒரு மேடு. பிரித்துத் தைக்கச் சொன்னேன்.

"இருக்கட்டும். தினம் குத்தட்டும், அப்பத்தான் புத்தி வரும்" என்றாய்.

பதினோரு மார்கழி அந்த மேட்டின் மேல் புரண்டேன். புத்தி வரவில்லை. போன வருடம் இந்தப் புதுக் கவுதியை நீ விரித்தபோதும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். "ஒரு மணி நேரம் குந்துங்களேன்" என்றாய். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றேன். நீ திட்டக்கூட இல்லை, சுருட்டி வைத்துவிட்டாய். அடுத்த ஞாயிறு உனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த ஞாயிறு நீ இல்லை. பழைய கவுதியில்தான் உன்னைக் கிடத்தினார்கள். அதுவும் உன்னோடு போயிற்று.

இன்று நானே விரித்தேன். தைக்கிற ஆள் நானாகிவிட்டதால் நாலாவது மூலையில் அம்மிக் குழவியை வைத்தேன். என்னைப் போல இல்லை, அது நகரவே இல்லை. தையல் கோணல்தான், ஆனால் உள்துணி ஓரிடத்திலும் சுருளவில்லை. ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் வேலை முடிந்தது.

இடுப்பு வரும் இடத்தைத் தடவிப் பார்த்தேன். சமமாக இருந்தது. அதில் எப்படிப் படுப்பேன் என்று தெரியவில்லை.

அந்தப் பக்கத்துத் தையலைப் பிரித்தேன். குழவியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நாலாவது மூலையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஆடாமல் இருந்தேன். பிறகு, அன்றைக்குப் போலவே சட்டென்று எழுந்தேன். உள்ளே உன் புடவை சுருண்டது. அதன் மேலேயே தைத்துவிட்டேன்.

இனி தினம் குத்தும்.