பெரட்டில் என் பெயர்

1979 ஜூன் 4, திங்கள்
இன்றைக்குத்தான் மகளுக்கு றப்பர் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தார்கள். காலைப் பெரட்டில், வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிடும்போது, கணக்கப்பிள்ளை தம்பையா என்னை வழக்கம்போல் "அடியே அழகம்மா" என்றார். பழகிப்போனது. அவளையும் "வாடி இங்க" என்றதும்தான் சுருக்கென்றது.

ஜூன் 5
பெரட்டில் மறுபடியும் 'அடியே'தான், நான் பதில் சொல்லவில்லை. "அடியே, காது அவிஞ்சுபோச்சா?" என்றார். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, வர்றேன் என்றேன். வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஜூன் 6
சங்கத் தலைவர் இருளப்பன் வந்தார். என்மேல் ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம்: திமிர், வாய்க்கொழுப்பு, மரியாதையில்லை. மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலை போய்விடுமாம்.

போன மாதம் இதே தலைவர் றப்பர் பால் நிறுக்கிற தராசு சரியில்லையென்று தம்பையாவிடம் சத்தம் போட்டார். அதற்குப் பேர் நியாயம் கேட்பது. நான் கேட்டால் வாய்க்கொழுப்பு. தம்பையா பேசுகிற பேச்சுக்கு மட்டும் கண்டிப்பு என்று ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறார்கள்.

மன்னிப்பா? எதுக்கு? அடுப்பெரியாட்டியும் கேக்க மாட்டேன்.

ஜூன் 8
ஆபீசில் விசாரணை. 'அடி' எல்லாரும் வீட்டில் பேசுவதுதானே என்றார் தம்பையா.

"வீட்டுல எம் புருஷன் சொன்னா அது ஆசைங்க. பெரட்டுல நீங்க சொன்னா அவமானம்."

தோட்டத்துத் துரை சிங்களவர், அவருக்கு இந்த வித்தியாசம் விளங்கவில்லை. சிங்களத்திலேயே கேட்டேன்: உங்களை ஒருவன் 'தோ' என்று, நம் 'அடேய்' மாதிரி, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர்களா? துரையின் முகம் சிவந்துவிட்டது.

ஒரு வாரம் எனக்கு வேலை கிடையாது என்று தீர்ப்பு. மன்னிப்பு மட்டும் நான் கேட்கவில்லை.

ஜூன் 11
அவர் எப்படிக் கூப்பிட்டாலும் நீ பதில் சொல்லிவிடு, இரண்டு பேர் சம்பளமும் போனால் கஞ்சிக்கும் வழியில்லை என்று மகளிடம் சொல்லித்தான் அனுப்பினேன். போன சுருக்கில் திரும்பி வந்துவிட்டாள். அவளும் வாய் திறக்கவில்லையாம். என்னோடு பால் வெட்டுகிற கருப்பாயியும் வேறு பல பெண்களும்கூட. திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

ஜூன் 13
றப்பர் மலையில் பால் வெட்ட ஆளில்லை. துரை தம்பையாவை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

ஜூன் 16
மறுபடி பெரட்டு. "அழகம்மா" என்றார். முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துச் சொன்னார், சொல்லட்டும். வந்திருக்கேங்க என்றேன்.

அடுத்தது, "சீதாதேவி."

மகள் பேரை ஒருவர் முழுசாகக் கூப்பிட்டு இன்றைக்குத்தான் கேட்டேன். வீட்டில் நானே ஏடி என்றுதான் கூப்பிடுகிறேன்.