துடைப்பப் படம் போட்ட பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

சாவிக்காரன் இன்று என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வழக்கம்போல் பத்து மணிக்கு அவன் கடைக்குப் போனேன். நான் உட்காரும் முக்காலியின் மேல் பூட்டுப் பெட்டியைத் தூக்கி வைத்திருந்தான். "கால் வலிக்குதுடா" என்றேன். "அப்போ வீட்டுல போய் உக்காரு" என்றான், முகத்தைக்கூடத் தூக்காமல். இருபத்திரண்டு வருடமாக நான் உட்காரும் முக்காலி அது. என்ன திமிர்! மைக்கை அமுக்கி இதைச் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. எழுத்து வராத எனக்கு இந்தப் போன்தான் டைரி.

மார்ச் 5, புதன்

பக்கத்துக் கடைத் தையல்காரி சொல்லித்தான் காரணம் தெரிந்தது.

"பெரியவரே, நீங்க லிஃப்ட் ஓட்டின கட்டிடத்துக்காரங்க, சுவரோரம் இருக்கிற எங்க பதினோரு கடையையும் தூக்கணும்னு போன்ல ஒரு பேஜ் ஆரம்பிச்சிருக்காங்க. இத்தனை பேர் எங்க பக்கம்னு காட்டி நகராட்சியில மனு குடுத்திருக்காங்க. இருபத்தெட்டாம் தேதி விசாரணை. அந்த ஆளுங்க லிஸ்ட்ல உங்க போட்டோவும் சிரிச்சிக்கிட்டு நிக்குது."

நானா? அவன் கடையைத் தூக்கவா? அந்தப் பயலும் அதை நம்பிவிட்டானே! ஒரு வார்த்தை கேட்க வாய் இல்லையா அவனுக்கு?

மார்ச் 6, வியாழன்

மருமகளிடம் போனைக் கொடுத்தேன். நான் பின்தொடரும் பக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். நாற்பத்தாறு. மீன் தொட்டி மூன்று. கடிகாரம் பிரிக்கிறவன். பழைய லிஃப்டுகளைப் படம் எடுக்கிற வெள்ளைத்தாடி. பூனையைத் திட்டிக்கொண்டே சமைக்கிற பொம்பளை. எல்லாமே நான் படம் பார்த்து அமுக்கியவை. எதை எந்த நாற்காலியில் உட்கார்ந்து அமுக்கினேன் என்றுகூடச் சொல்வேன். ஒன்று மட்டும் என்னுடையதில்லை. பச்சைத் துடைப்பப் படம். 'சுத்தமான தெரு' என்று பேராம்.

மகன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "எழுதப் படிக்கத் தெரியாம கண்டதையும் அமுக்கிடுறீங்க. அப்புறம் நான் அமுக்கலைன்னு சொன்னா எப்படிப்பா?"

எழுத்து தெரியாதுதான். என் விரல் எங்கே போனது என்றுமா தெரியாது? முப்பத்தோரு வருடம் லிஃப்ட் ஓட்டினேன். ஒருத்தரையாவது மாடி மாற்றி இறக்கியிருப்பேனா?

மார்ச் 7, வெள்ளி

மருமகள் போனைத் துருவி நாளும் நேரமும் கண்டுபிடித்துவிட்டாள். பிப்ரவரி பத்தொன்பது, காலை பதினொன்று பத்து.

அன்று கண் ஆஸ்பத்திரி. டோக்கன் முப்பத்தெட்டு. சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் திறக்கக் கூடாது என்று நர்ஸ் சுவரோரம் உட்காரவைத்தாள். "குடுங்கப்பா, நான் வச்சிருக்கேன்" என்று போனை வாங்கிக்கொண்டது யார்? நீலக் கட்டம் போட்ட சட்டையில் கூட வந்தவன். என் மகன்.

மார்ச் 8, சனி

கேட்டேன். மறுக்கவில்லை.

"ஆபீஸ்ல ஆளுக்குப் பத்துப் பேரைச் சேக்கச் சொன்னாங்க. ஒன்பது பேர் கிடைச்சாங்க. உங்க பேரு சும்மாதானேப்பா கிடக்குது?"

சும்மா கிடக்குதாம். என் பேரு. சும்மா.

மார்ச் 9, ஞாயிறு

அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன். அவன் முகத்தில் விழிக்கவும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

"எடுத்துடலாம் மாமா, ஒரே அமுக்குதான்" என்று மருமகள் இடத்தைக் காட்டினாள். விரலைக் கொண்டுபோனேன். அந்தப் பக்கத்தில் இவ்வளவு புளுகுகிறார்களே, கடைக்காரர்கள் ஏன் திருப்பிக் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"ஃபாலோ பண்றவங்க மட்டும்தான் பேச முடியும் மாமா. கடைக்காரங்க யாராவது சேந்தா உடனே வெளிய தள்ளிடுறாங்க."

விரலை எடுத்துவிட்டேன்.

"என்ன மாமா?"

"இருக்கட்டும்மா. நான்தான் உள்ளே இருக்கேனே."

மார்ச் 11, செவ்வாய்

சாவிக்காரனிடம் நடந்ததைச் சொன்னேன். மகன் செய்ததை நம்பினான். பேரை இப்போது எடுக்கப்போவதில்லை என்றதும் எரிந்து விழுந்தான். "எடுக்க உனக்கு என்னடா வலி? மகன் வேலைக்குப் பயமா?" எனக்கும் சுர்ரென்று ஏறியது. "உன் மூளை பூட்டிக் கிடக்கு, அதுக்கு ஒரு சாவி போட்டுக்கோ" என்று கத்திவிட்டு வந்தேன். முக்காலி மேல் பெட்டி அப்படியே இருக்கிறது.

மார்ச் 12, புதன்

கடைகள் வந்துதான் தெரு கெட்டது என்று துடைப்பக்காரர்கள் இன்று போட்டிருந்தார்கள். மைக்கை அமுக்கினேன்.

அந்தச் சுவரோரம் முன்னே என்ன இருந்தது என்று சொன்னேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மூத்திரச் சந்து. முதலில் வந்தது தையல்காரியின் அப்பா, நிழலுக்கு ஒரு குடையோடு. வந்த அன்றே ஏழு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிறகு ஒவ்வொரு கடையாக, வந்த வரிசையில் சொன்னேன். கடைசியில் இதையும் சொன்னேன்: "இந்தப் பக்கத்தை நடத்தும் ஐந்தாம் மாடித் தலைவரே, ஒரு மழை நாளில் உங்கள் ஆபீஸ் அறைக்குள் உங்கள் கைக்குழந்தை, நீங்கள் வெளியே, கதவு பூட்டிக்கொண்டது. நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். சாவிக்காரனை லிஃப்டில் ஏற்றி வந்தவன் நான். நான்கு நிமிடத்தில் திறந்தான். கூலி வேண்டாம் என்று போனான். அவன் கடையைத்தான் குப்பை என்கிறீர்கள்."

மருமகள் வாசித்துக் காட்டினாள். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

மகன் வாசலிலேயே கத்த ஆரம்பித்தான். அவன் வேலை பார்ப்பதும் அதே ஐந்தாம் மாடியில், அந்தத் தலைவரிடம்தானே. "என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க! தலைவர் என்னைக் கூப்பிட்டு நிக்க வச்சுக் கேக்கிறாரு!"

"என் பேரு சும்மா கிடக்குதுன்னியே. இப்போ கிடக்கல."

மருமகள் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 15, சனி

இன்றும் பேசினேன். நேற்றும். தினமும் பேசுவேன்.

மார்ச் 19, புதன்

அறுபத்து மூன்று பேர் பதில் போட்டிருக்கிறார்களாம். மூத்திரச் சந்து தங்களுக்கும் நினைவிருக்கிறது என்று சிலர். கிழத்துக்குப் பொழுது போகவில்லை என்று சிலர். ஆமாம், போகவில்லை. எங்கே போய் உட்காருவது?

மார்ச் 22, சனி

காலையில் மைக்கை அமுக்கினால் துடைப்பத்தைக் காணோம். மருமகள் எண்ணிப் பார்த்தாள். "நாப்பத்தஞ்சுதான் இருக்கு மாமா. உங்களையும் வெளிய தள்ளிட்டாங்க." நான் பேசியதையெல்லாம் அழித்துவிட்டார்களாம். ஆனால் தையல்காரி அதற்கு முன்பே எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துவிட்டாள். விசாரணை அன்று கடைக்காரர்கள் தங்கள் பதில் மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுக்கப்போகிறார்கள்.

பத்து மணிக்குக் கடைப் பக்கம் போனேன். பூட்டுப் பெட்டி தரையில் இருந்தது. முக்காலியின் ஆடுகிற காலுக்குப் புது ஆணி அடித்திருந்தான். சாவி ராவுகிற கையை நிறுத்தவில்லை.

"உக்காரு. கால் வலிக்கும்."

உடனே உட்கார்ந்துவிடுவேனா? ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.