கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு

புரட்டாசி 3, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் போலவும் இருக்கிறது, வராது போலவும் இருக்கிறது. தோல் பதனிடும் டேனரி வாடை இன்று ஜாஸ்தி.

புது நோட்டு. முதல் பக்கத்தில் நல்லதாக எழுத வேண்டும். ஆகவே:

பெரிய பேரன் தினேஷ், ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். நாற்பது பெண்கள் அவன் சொல் கேட்கிறார்கள், வீட்டில் அவன் பெண்டாட்டி கேட்பதில்லை.
பேத்தி கோகிலா, நர்ஸ். ஆபரேஷன் அறைக்குள்ளேயே வேலை.
சின்னவள் நித்யா (இனி நி., நோட்டு சின்னது), பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி, நாலாவது வருஷம். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் எத்தனாவது என்று எனக்கே கணக்கு விட்டுப்போயிற்று.

அவர்கள் ஏழு பேர், ஒரு புரொபசரம்மா. கிருமிக்குள் எழுதியிருப்பதை அழித்து வேறே எழுதுவார்களாம். அந்தக் கிருமி டேனரித் தண்ணீரில் இருக்கும் குரோம் விஷத்தைத் தின்னுமாம். நம் கிணறு மஞ்சளாகி இருபது வருஷம். என் மகன் முருகனும் அவன் அப்பாவும் அந்த டேனரியில்தான் வேலை. கெடுத்த வீட்டிலிருந்தே ஒருத்தி சரி செய்யப் போயிருக்கிறாள்.

நாளை முதல் சனிக்கிழமை. சோளிங்கர் மலைக்குப் போகிறோம். நி. சாயங்கால பஸ்ஸில் வருகிறாள்.

வாங்க: துளசி மாலை, கற்பூரம், சோப்பு 2.

புரட்டாசி 4, சனி

மலைக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒரு அழுக்குத் துணி இருக்கக்கூடாது. விடியற்காலையில் எல்லாவற்றையும் கல்லில் போட்டேன். முருகனின் டேனரிச் சட்டை தனியாக. நி. தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பையைக் கவிழ்த்தேன். அடியில் அவளுடைய வெள்ளைக் கோட்டு, சுருட்டிக் கசக்கி.

நாற்பது வருஷம் வேலைக்குப் போகிறவர்கள் துணி துவைத்தவள் நான். மார்பில் அவள் பெயர் தைத்திருந்தது. அதன்மேல் பிரஷ் போடாமல் கையால் கசக்கினேன். வடித்த கஞ்சி போட்டேன்.

பாக்கெட்டில் சுண்டு விரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி. திருகு மூடி, மூடிக்குள் ஆரஞ்சு ரப்பர் வளையம். அடியில் கலங்கின தண்ணீர் கொஞ்சம், புளித்த வாசனை. கொட்டிக் கழுவினேன். அழகாக இருந்தது. என் பழைய மூக்குத்தித் திருகாணியை அதில் போட்டு இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டேன்.

நி. எழுந்து வந்து கொடியைப் பார்த்தாள். கோட்டு கஞ்சி விறைப்பில் ஆள் மாதிரி நின்றது. முருகன் சிரித்தான், "இன்னாமா இது, ஆளே இல்லாம வேலைக்குப் போவும் போல."

அவள் சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

அந்தக் கோட்டு அவர்கள் ஆராய்ச்சி அறை வாசலைத் தாண்டக்கூடாதாம். துவைப்பதும் அங்கேதான், முதலில் ஆவியில் வேக வைத்துவிட்டு. பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் துண்டு என்று நினைத்துப் பையில் திணித்துவிட்டாளாம்.

"ஆயா, பாக்கெட்ல எதுனா இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

ஏன் சொன்னேன்? அவள் முகம் அப்படி இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷம். கொடுக்கவில்லை.

அவள் பெருமூச்சு விட்டாள். கோட்டை இரண்டு கவரில் போட்டு முடிந்தாள். மலைக்குப் போனோம். படி ஏறும்போதெல்லாம் குப்பி இடுப்பில் இடித்தது.

புரட்டாசி 6, திங்கள்

வெயில். நி. நேற்றே போய்விட்டாள். கோட்டு வெளியே வந்ததைப் புரொபசரம்மாவிடம் அவளே சொல்லிவிட்டாளாம். திட்டு வாங்கினாளாம். நல்ல பிள்ளை.

மத்தியானம் மறுபடி போன். பெட்டியில் எண்ணிப் பார்த்ததில் ஒரு குப்பி குறைகிறது. அறையைப் பூட்டிவிட்டார்கள். ஏழு பேருக்கும் வேலை இல்லை. எல்லாரும் குப்பைக் கூடைகளைக் கிளறுகிறார்கள். ஜோசப் என்று மூத்த பையன், ஆம்பூர்க்காரன், இந்த மாதம் முடிக்க வேண்டியவன். அவன் வளர்த்து வைத்ததெல்லாம் பூட்டின அறைக்குள் கெட்டுப்போகிறதாம்.

நி. மறுபடி கேட்டாள், பாக்கெட் காலிதானே என்று. ஊம் என்றேன்.

மருந்துக்கடையில் சொல்லி வாங்க வேண்டியது: கால் வலித் தைலம். மறந்தேன்.

புரட்டாசி 7, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஷமீமின் ஆடு தீனி எடுக்கவில்லை. படுத்தே கிடக்கிறது. எங்கள் சாக்கடைத் தண்ணீரில் வாய் வைக்கிற ஆடு அது.

வலது கையில் அரிப்பு. சோப்பா? எனக்கு எப்போது சோப்பு அரித்தது?

அந்தத் தண்ணீர் போன இடம்: என் கை. துவைக்கிற கல். சாக்கடை. ஷமீம் வீட்டு முருங்கை. ஆடு. அதற்குமேல் ஏரிக் கால்வாய். எழுத எழுத நீண்டுகொண்டே போகிறது. நிறுத்திவிட்டேன்.

ஷமீம் சொன்னாள், "பேஜாராப் போச்சு பெரீமா, நேத்து வரைக்கும் கல்ல கூட துன்னுச்சு." நான் ஆட்டின் வயிற்றைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து கையை மூன்று தடவை கழுவினேன். கழுவின தண்ணீரும் சாக்கடைக்குத்தானே போனது என்று அப்புறம்தான் உறைத்தது.

குப்பியை அடுப்பில் போட்டுவிடலாமா என்று நின்றேன். போடவில்லை. அதன்மேல் நீல மையில் அவள் கையெழுத்து, பாதி அழிந்து.

புரட்டாசி 8, புதன்

மேகமூட்டம். காலை பத்து மணிக்கு நி. போன். குரல் தேய்ந்திருந்தது. அவர்களிடம் தவறு நடந்தால் எழுதுகிற புத்தகம் ஒன்று உண்டாம். என்ன, எப்போது, எங்கே, யார். அதில் எங்கே என்ற இடம் காலியாக இருக்கிறது. குழுவில் ஒருத்தி, வெளியில் யாருக்காவது கொடுத்திருப்பாளோ என்று காதுபடச் சொன்னாளாம். என் பேத்தியை.

"தப்பு பண்ணா மன்னிப்பாங்க ஆயா. எங்க போச்சின்னு சொல்ல முடியலன்னா வெளிய அனுப்பிடுவாங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க."

சொல்லிவிட்டேன். குப்பி, திருகாணி, சாக்கடை, ஆடு, எல்லாம்.

அந்தப் பக்கம் அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"ஆயா, அந்தக் கையால கண்ணத் தொட்டியா?"

திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். முதலில் கேட்டது இது.

புரட்டாசி 9, வியாழன்

காரில் வந்தார்கள். புரொபசரம்மா, ஜோசப், நி. மூவருக்கும் கையுறை. தெருவே வேடிக்கை பார்த்தது. கொரோனாவா என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

பஞ்சு சுற்றின குச்சியால் கல்லைத் துடைத்தார்கள், சாக்கடையை மூன்று இடத்தில், முருங்கை அடியை, என் விரல் இடுக்கை, நகத்தடியை. குப்பியைத் திருகாணியோடு கவரில் போட்டார்கள். அப்புறம் பிளீச்சிங் பவுடர்.

நி. என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையைப் பார்த்தாள். அவள் வேலை செய்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அப்படி ஒரு நிதானம் அவள் கையில்.

புரொபசரம்மாவுக்கு என் மருமகள் வயசு. எத்தனை மணிக்கு, எத்தனை வாளி, என்ன சோப்பு, வெயில் பட்டதா என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். அந்தக் கிருமி நோய் தராதாம். அதற்கு வேண்டிய ஒரு தீனியைத் தானாகச் செய்துகொள்ள முடியாதபடி இவர்களே ஆக்கியிருக்கிறார்கள். அந்தத் தீனி அந்த அறையில் மட்டும் கிடைக்கும். வெளியே வந்தால் செத்துவிடும்.

அப்படியென்றால் ஏன் இத்தனை பயம் என்று கேட்டேன்.

"சாகும்னு அறைக்குள்ளதான் பாத்திருக்கோம்மா. வெளிய விட்டுப் பாத்ததில்ல. பாக்கவும் கூடாது." நான் கொடுத்த காபியைத் தொடாமலே கீழே வைத்தார். படித்தவர்கள் பயந்தால் நான் யாரைப் பார்த்துத் தைரியம் கொள்வது?

ஜோசப் ஆட்டுக்கும் குச்சி வைத்தான். என்ன தின்றது என்று ஷமீமைக் குடைந்தான். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் வீட்டுப் பிரியாணி எச்சத்தில் விழுந்து புரண்டதைக் கடைசியில் ஒப்புக்கொண்டாள். "அதுக்கு வேண்டியது ஈனோதான்," என்றான். அவன் ஒரு மாத உழைப்பு என்னால் வீண். ஆனாலும் என்னை ஆயா என்றே கூப்பிட்டான்.

அவர்கள் கொண்டுவந்திருந்த தவறுப் புத்தகத்தில் நானே எழுதினேன். கோட்டைத் துவைத்தது. குப்பியைக் கழுவியது. கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னது. அவள் கேட்டது இரண்டு தடவை.

நி. குனிந்து படித்தாள். "பொய் சொன்னத எழுத வேணாம் ஆயா, பேரு கெட்டுரும்." நான் அந்த வரியை அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். பாக்கியம், ஐந்தாம் வகுப்பு.

புரட்டாசி 14, செவ்வாய்

மழை. ஐந்து நாளாக போன் இல்லை. குச்சிகளைத் தட்டில் தேய்த்து, முளைக்கிறதா என்று பார்ப்பார்களாம். முளைக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

ஆடு எழுந்து என் துளசியைத் தின்றது. விரட்டவில்லை.

சாக்கடை நிறைந்து ஓடுகிறது. கால்வாய்ப் பக்கம் போகவே இல்லை.

புரட்டாசி 15, புதன்

நி. போன். கல்லில் ஒன்றுமில்லை. சாக்கடை, முருங்கை, ஆடு, என் நகம், எதிலும் இல்லை. முருகன் மேலே பார்த்துக் கும்பிட்டான்.

ஒரே இடத்தில் மட்டும் உயிரோடு இருந்ததாம். குப்பி மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில். பழைய தீனி ஒரு துளி அங்கே ஒட்டிக்கொண்டிருந்ததில்.

அதாவது ஐந்து நாள், என் இடுப்பில்.

போனை வைத்த பிறகு சுருக்குப் பையை வெந்நீரில் போட்டேன். இன்னும் கொதிக்கிறது. இறக்க மனம் வரவில்லை.

அறையைத் திறந்துவிட்டார்கள், நி. மட்டும் உள்ளே போகக்கூடாது. பெரிய கமிட்டி உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசுமாம். எப்போது என்று தெரியாது. அதுவரை வெளி மேசையில் எழுத்து வேலை. நான் எழுதிக் கொடுத்த பக்கத்தைப் புரொபசரம்மா மேலே அனுப்பியிருக்கிறார். அது அவளைக் காப்பாற்றுமா, கவிழ்க்குமா?

ஆயுத பூஜையன்று அவர்கள் எல்லாரும் கோட்டுப் போட்டு வரிசையாக நின்று போட்டோ எடுப்பார்கள். போன வருஷத்துப் படம் என் அலமாரிக் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஏழு பேர், இடமிருந்து மூன்றாவது அவள். இன்று நாலு தடவை எண்ணிவிட்டேன்.

நாளைக்குத் தபாலில் போட அவளுக்கு இதை எழுதி வைத்திருக்கிறேன்: போனில் காட்டாதே கண்ணு, அது முருகன் போன், அவன் டேனரிக்கு எடுத்துப் போய்விடுகிறான். புதுப் போட்டோ எடுத்ததும் கடையில் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. ஓரத்தில் நின்றாலும் பரவாயில்லை. கோட்டு கசங்கியே இருக்கட்டும். கோட்டோடு நில்லு. ஏழு பேர் இருக்கிற மாதிரி படமாக அனுப்பு.