அவிச்ச முட்டையில ஓட்டிப் பாத்த மெஷின்

பிப்ரவரி 6
முட்டை ஷெட் மாடி

அக்காவுக்கு,

அன்புள்ளன்னு ஆரம்பிக்க கை வரல, அதனால வெறும் அக்கா. நான் காலேஜை விட்ட அன்னிக்கு போன்ல என்னை பிளாக் பண்ணின, இன்னும் எடுக்கல. வீட்டுக்கு எழுதினா அம்மா பிரிச்சிடுவாங்க. அதான் உன் லேப்புக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டல்ல, இனி தப்பிக்க முடியாது, படி.

நேத்து அம்மாகிட்ட பேசினேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கிற ஸ்கேன் இந்த மாசம் வருதே, எப்போன்னு கேட்டேன். "போகலடி. உங்க அக்கா என் ரத்தத்தை அவ மெஷின்ல விட்டுப் பாத்துட்டா. சுத்தமா இருக்காம்"னு சொல்றாங்க. குரல்ல அப்படி ஒரு நிம்மதி. மார்ல புற்றுநோய்க் கட்டி எடுத்து ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகல. அந்த ஸ்கேன் குழாய்க்குள்ள படுக்கறதுன்னா அவங்களுக்கு எவ்வளவு பயம்னு உனக்குத் தெரியாதா? வேண்டாம்னு சொல்ல ஒரு ஆள் கிடைக்காதான்னு காத்துட்டு இருந்தாங்க. அந்த ஆளு நீயா?

உன் மெஷின் இன்னும் ஒரு ஆஸ்பத்திரி வாசப்படிகூட மிதிக்கல. ஒத்திகை பாக்க உனக்கு அம்மாதான் கிடைச்சாங்களா?

இந்த வாரமே "ஸ்கேனுக்குப் போம்மா"ன்னு சொல்லு. நான் சொன்னா, படிப்பைப் பாதியில விட்டவ பேச்சுன்னு தள்ளிடுவாங்க. நீ டாக்டர் பட்டம் வாங்கப் போறவ. அந்த வீட்டுல உன் வாய்க்குத்தான் மரியாதை.

வாலு


பிப்ரவரி 14

அன்புள்ள வாலுக்கு,

திட்டுறதுக்காவது எழுதினியே, சந்தோஷம். கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியேதான் இருக்கு. வேலையும் அதுங்க பக்கத்துலயே கிடைச்சிருக்கு.

தெரியாததைப் பத்திப் பேசாதே. நான் செஞ்சது ஒரு சின்ன சிப். கண்ணாடித் தகடு மேல சிலிக்கோன் துண்டு, அதுக்குள்ள தலைமுடியை விட மெல்லிசா ஒரு கால்வாய், கால்வாய் நெடுக குட்டிக் குட்டித் தூண்கள். ரத்த செல் நெளிஞ்சு தூணுக்கு நடுவுல போயிடும். கட்டியில இருந்து பிரிஞ்சு ரத்தத்துல சுத்துற செல் பெருசு, அது மாட்டி நிக்கும். மத்தவங்க செல்லுக்குச் சாயம் ஏத்தி, அடையாளம் ஒட்டித்தான் பிரிக்கிறாங்க. எங்களுக்கு அது எதுவும் வேண்டாம், அளவும் இறுக்கமும் போதும். புற்றுநோய் செல்லைக் கலந்து விட்டுப் பாத்தப்போ நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சைப் பிடிச்சுது. அம்மா ரத்தத்துல ஒண்ணுகூட மாட்டல.

ஸ்கேன் தேதி நெருங்கினா அம்மா ஒரு வாரம் தூங்க மாட்டாங்க. பக்கத்துல படுத்து அதைப் பாக்குறவ நான், நீ இல்ல. ஒரு தடவை தள்ளிப் போட்டா என்ன குடி முழுகிடுமா?

பயாலஜி ரெண்டாம் வருஷத்துல எழுந்து போன. அப்புறம் ஜவுளிக்கடை, கொரியர், இப்போ முட்டை. எதையும் முடிக்காதவ, முடிச்சவளை வந்து கேள்வி கேக்கக்கூடாது. உன்மேல கோபம் இருக்கு, அக்கறையும் இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 21
ஷெட் மாடி

முடிச்சவளுக்கு,

ஒரு கதை சொல்றேன், கேளு. இங்க முட்டையைத் தரம் பிரிக்க புதுசா ஒரு மெஷின் வந்திருக்கு. முட்டை வரிசையா உருண்டு வரும். சின்னது முன்னாடி குழியில விழும், பெருசு கடைசியில. எங்க முதலாளி எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளு. சோதனை ஓட்டத்துல முட்டை உடைஞ்சா வீணாப் போகுமேன்னு ஒரு அண்டா முட்டையை அவிச்சு, அதை வச்சு மெஷினை செட் பண்ணினாரு. ஒண்ணுகூட உடையல. எல்லாம் அதது குழியில அழகா விழுந்துச்சு. அந்த மனுஷன் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தாருன்னா பாத்துக்கோ.

மறுநாள் பச்சை முட்டையை விட்டோம். தரை பூரா மஞ்சக்கரு. "நேத்து நல்லாத்தானே ஓடுச்சு"ன்னு தலையில கை வச்சு நிக்கிறாரு. லாரி டிரைவர் அண்ணன், "முதலாளி, இனிமே அவிச்சே போடச் சொல்லி கோழிங்ககிட்ட பேசிப் பாருங்க"ன்னு சொல்லிட்டு ஓடிட்டாரு. விழுந்து விழுந்து சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே தரையைத் துடைக்கும்போது உன் சிப் ஞாபகம் வந்துச்சு.

போன வருஷம், காலேஜை விடறதுக்கு முன்னாடி, உன் லேப்புக்கு வந்தேன்ல. கை கழுவுற தொட்டிகிட்ட நின்னு கண்ணைக் கசக்கிட்டு இருந்த. "பக்கத்து லேப்ல இருந்து புற்றுநோய் செல் அனுப்புறாங்க. கெடாம இருக்க மருந்துல ஊற வச்சு வருது, குப்பியைத் திறந்தாலே மூக்கு எரியுது"ன்னு சொன்ன. அந்த மருந்து என்ன பண்ணும்னு ரெண்டாம் வருஷத்துல ஓடிப்போனவளுக்கே தெரியும். செல்லைக் கொன்னு விறைக்க வச்சிடும்.

நீ தூணுக்கு நடுவுல விட்டது அவிச்ச முட்டை. விறைச்சுக் கிடக்கிறது மாட்டாம என்ன பண்ணும்? அம்மா ரத்தத்துல ஏதாவது இருந்தா அது உயிரோட இருக்கும், மெத்துன்னு இருக்கும். உன் தூணுக்கு நடுவுல நெளிஞ்சு நழுவிப் போயிருக்கும். அந்தப் பக்கம் உக்காந்து நீ சுத்தம்னு சொல்லியிருப்ப.

உயிருள்ள செல்லை வச்சு ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்தியா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு எழுது. எழுதுறதுக்கு முன்னாடி அம்மாவைக் கூட்டிட்டுப் போ.

வாலு


பிப்ரவரி 27

வாலு,

அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்காரங்க சிப்பைப் பாக்க வர்றாங்க. பேராசிரியரும் சீனியருங்களும் வரி வரியாப் பாத்து ஒத்துக்கிட்ட வேலை இது. நீ தரை துடைச்சுக்கிட்டே அதுல ஓட்டை கண்டுபிடிச்சிட்ட. உனக்கு அம்மாவும் முக்கியமில்ல, ஸ்கேனும் முக்கியமில்ல. நான் ஒரு தடவையாவது தோக்கணும். சின்ன வயசுல இருந்தே உனக்கு அதான்.

இனிமே எழுதாதே.

அக்கா


மார்ச் 4
ஷெட் மாடி

அக்காவுக்கு,

எழுதுவேன். ஆமான்னும் எழுதல, இல்லன்னும் எழுதல, அதுலயே பதில் தெரிஞ்சு போச்சு.

நீ தோக்கணும்னு நான் நினைச்சது உண்மைதான். கேரம் போர்டுல. இதுல இல்ல. இதுல உன் மெஷின் சொன்னதுதான் சரியா இருக்கணும். அம்மா ரத்தம் சுத்தமா இருக்கணும். நான் ஒண்ணுந்தெரியாம உளர்றவளா இருக்கணும். அப்படின்னு ஸ்கேன் சொன்னா, தெருவுல எல்லாரும் பாக்க உன் கால்ல விழறேன்.

முதலாளி மாசக் கடைசியிலதான் லீவு தருவேங்கிறாரு. அதுக்குள்ள நீ கூட்டிட்டுப் போகலன்னா நான் வந்து இழுத்துட்டுப் போவேன். உன் பேராசிரியர் ரூம் வழியா.

வாலு


மார்ச் 13

அன்புள்ள வாலுக்கு,

இல்ல. நீ கேட்ட கேள்விக்கு அதான் பதில்.

உன் கடிதம் வந்த அன்னிக்கு பக்கத்து லேப்ல உயிருள்ள செல் கேட்டு வாங்கினேன். நீ உளர்றன்னு காட்டத்தான். சிப்புல விட்டு மைக்ராஸ்கோப்ல கண்ணை வச்சேன். முதல் செல் தூண்கிட்ட வந்துச்சு. கொஞ்சம் நின்னுச்சு. அப்புறம் ஒரு பக்கம் மெல்லிசாகி, நடுவுல நுழைஞ்சு, அந்தப் பக்கம் போய் மறுபடி உருண்டையாயிடுச்சு. பின்னாடி வந்ததும் அப்படியே. பாதிக்கு மேல என் கண்ணு முன்னாடியே நழுவிடுச்சு.

பேராசிரியர்கிட்ட காட்டினேன். "ஆஸ்பத்திரிக்காரங்க வந்துட்டுப் போகட்டும்மா, அப்புறம் பாக்கலாம்"னாரு. நானே அவங்களுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிட்டேன். அதுல இருந்து லேப்ல யாரும் என்கிட்ட பேசுறதில்ல.

அம்மாகிட்டயும் சொன்னேன். நான் சொன்னது தப்பும்மா, கிளம்புங்கன்னேன். புடவை மாத்திட்டு வந்தாங்க. அப்புறம், "நீ சொன்னது சரியா தப்பான்னு நான் யோசிக்கவே இல்லடி. போக வேண்டாம்னு சொன்ன, அது போதும்னு இருந்துச்சு"ன்னாங்க. குழாய்க்குள்ள போகும்போது என் விரலைப் பிடிச்ச பிடி இன்னும் வலிக்குது.

ஈரல்ல சின்னதா ஒரு புள்ளி இருக்கு. "இந்த அளவுலயே பாத்துட்டோம், நல்லதாப் போச்சு"ன்னு டாக்டர் சொன்னாரு. அம்மா என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. அந்த நல்லதுல எனக்குப் பங்கே இல்ல, தப்பைக் கண்டுபிடிச்சது நீதான்னு அவங்களுக்குத் தெரியாது. இன்னிக்குச் சொல்லிடுவேன்.

அடுத்த திங்கட்கிழமை மருந்து ஏத்த ஆரம்பிக்கிறாங்க. சின்னவ வருவாளான்னு கேட்டுட்டே இருக்காங்க. பிளாக்கை எடுத்துட்டேன். கூப்பிடு.

அக்கா


மார்ச் 17
ஷெட் மாடி

அக்காவுக்கு,

கூப்பிட மாட்டேன். குரலைக் கேட்டா கத்திடுவேன், பக்கத்துல அம்மா இருப்பாங்க.

புள்ளின்னு படிச்சதும் முட்டை அட்டை அடுக்கை எட்டி உதைச்சேன். முதலாளி லீவு தரல, வேலையை விட்டுட்டேன். பாதியில விட்டது இன்னொண்ணு, உன் கணக்குல சேத்துக்கோ. ஞாயித்துக்கிழமை வந்துடுவேன். ஆஸ்பத்திரியில அம்மாகூட நான்தான் இருப்பேன். நீ போய் அந்தத் தூணுங்களைச் சரி பண்ணு. இந்தத் தடவை பச்சை முட்டையை வச்சு.

ஆஸ்பத்திரிக்காரங்களை வர வேண்டாம்னு சொன்னேன்னு நீ எழுதின இடத்துல என் கோபம் கொஞ்சம் இறங்குச்சு. அப்புறம் "குடி முழுகிடுமா"ன்னு நீ கேட்டிருந்த பழைய கடிதத்தை எடுத்துப் படிச்சேன், மறுபடி ஏறிடுச்சு. அது எப்போ போகும்னு எனக்குத் தெரியல. வீட்டுல உன் முகத்தைப் பாத்துப் பேசலன்னா ஏன்னு கேக்காதே.

அம்மா சுத்தம்னு ஸ்கேன் சொன்னா தெருவுல உன் கால்ல விழறேன்னு எழுதியிருந்தேன். ஞாயித்துக்கிழமை வந்து இறங்கினதும் அதைத்தான் செய்யணும்னு ஆசைப்பட்டேன்.

அந்த ஒரு வாய்ப்பைக் கொடுத்திருக்கலாம் நீ.

வாலு