குற்றமில்லாத மச்சம்

அன்புள்ள அஷ்வினிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழைத்தபோது, வா என்று நான் சொல்லவில்லை. அப்பா நலம், உன் புத்தகங்களுக்கு வெயில் காட்டியாயிற்று, குவாஹாட்டி மழையில் உனக்கு இருமல் வராமல் இருக்க வேண்டும். என் நலத்தைத்தான் இந்த முறை ஒரு வரியில் எழுத முடியவில்லை.

மூலத்துக்குச் சின்ன ஆபரேஷன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, நானும் ஏழு மாதம் மூலம் என்றுதான் நினைத்திருந்தேன். ரத்தம் போவதை அப்பாவிடம்கூடச் சொல்லக் கூச்சம். ஹனூர் அத்தை பழனாத்தாளிடம் மட்டும் சொன்னேன், இதையெல்லாம் டாக்டருகிட்டக் காமிக்கோணுமாக்கும், துத்தி எலைய வதக்கித் தின்னு, பத்து நாள்ல போயிரும் என்றாள். அவளைக் குறை சொல்லாதே, பஸ்ஸில் கட்டுக் கட்டாக இலை அனுப்பியவள். தின்றுவிட்டுச் சும்மா இருந்தவள் நான். கடைசியில் காட்டியபோது குடலின் முடிவில் கறுப்பாக ஒரு கட்டி, சோதனையில் மெலனோமா என்று வந்தது. பெரும்பாலும் தோலில் வரும் புற்றுநோயாம் அது, குடலிலேயே தொடங்குவது மிக அரிதாம். வேறெங்கிருந்தாவது வந்ததா என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை தேடினார்கள், கண்ணுக்குள்ளும் பார்த்தார்கள். சின்ன வயதில் நீ கிள்ளிக்கொண்டே தூங்குவாயே, என் கழுத்து மச்சம், அதை டாக்டரம்மா லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். பாப, இது ஏனூ மாடில்லம்மா என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். பாவம், அது ஒன்றும் செய்யவில்லையாம். அந்த ஒரு நிமிடம் நல்ல செய்தி கேட்ட மாதிரி சந்தோஷப்பட்டேன்.

வேறெங்கும் பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை. பதினேழாம் தேதி ஆபரேஷன். அப்பா தினமும் தேவராஜ மார்க்கெட்டிலிருந்து ரசபாளை வாழைப்பழம் வாங்கி வந்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறார். உன் தேர்வு இருபத்து மூன்றில்தான் முடியும் என்று தெரியும். தெரிந்தே கேட்கிறேன், முன்னாலேயே வருகிறாயா? வாயால் கேட்க வராததால்தான் ஸ்பீட் போஸ்டில் கேட்கிறேன்.

உடம்பில் எந்த இடத்தில் தொந்தரவு என்றாலும் கூச்சப்படாமல் முதல் நாளே டாக்டரிடம் காட்டு, இதில் மட்டும் என்னைப் போல இருக்காதே. நன்றாக இரு, நிறைய நாள் இரு கண்ணு.

உன் அம்மா,
மீனாக்ஷி

அன்று நீ போனை வைத்த பிறகு நான் மறுபடி அழைத்தேன். நீ எடுத்தாய். கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.